நம் செக்ரோல் இப்போது யாரிடம் இருக்கிறது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அன்றாடம் அதிகமாகக் கைமாறுவது எது என்று என்னைக் கேட்டால், பணத்துக்கு அடுத்தபடியாக ஐசி என்று நாம் சொல்லும் அடையாள அட்டையின் படம் என்றுதான் சொல்வேன். தவணையில் சோபா வாங்கினால் அறைகலன் கடைக்காரர் கேட்கிறார். சிம் அட்டை மாற்றப் போனால், கைப்பேசிக் கடைப் பையன் அட்டையைக் கவுண்டரில் வைத்துத் தன் சொந்தப் பேசியிலேயே இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்கிறான். தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் பாதுகாவலரின் நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. வருபவர் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் வந்தவரின் பெயர், ஐசி எண், காடி (கார்) எண் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தம்முடையதை எழுதுகிறார். காப்புறுதியோ, பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்கலோ, எதுவானாலும் "ஐசி போட்டோ புலனத்துல அனுப்பிடுங்க" என்பதே முதல் வார்த்தையாக இருக்கிறது. நாமும் எதற்கு என்று கேட்காமல் அனுப்பிவிடுகிறோம். கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களே என்ற கூச்சம் நம்மவர்களுக்கு எப்போதும் உண்டு.

இந்த அட்டைக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், 12 வயது நிரம்பியவர்கள் அனைவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளி யார், ஊருக்குள் இருப்பவன் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்காகச் செய்த போர்க்கால ஏற்பாடு அது. 1960இல் அவசரகாலம் முடிந்தது. அட்டை மட்டும் நிலைத்துவிட்டது. 2001 முதல் அது சில்லு பதித்த மைகார்டாகி, இன்றைக்கு சாரா உதவித்தொகையில் அரிசி வாங்குவதிலிருந்து பூடி 95 திட்டத்தில் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குப் பெட்ரோல் நிரப்புவது வரை எல்லாவற்றுக்கும் திறவுகோலாகிவிட்டது.

அதன் 12 இலக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். எங்கள் பேராக் மாநிலத்துக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆகவே எண்ணைக் கொடுத்தாலே வயதும் பிறந்த மாநிலமும் பாலினமும் சேர்ந்து போய்விடுகின்றன. அது மட்டுமென்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் அழைக்கும் வாடிக்கையாளர் சேவை மையங்கள் "நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த ஐசி எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்கின்றன. ஓர் எண்ணைப் பெயரைப்போல ஊர் முழுக்கச் சொல்லவும் வைத்துவிட்டு, அதையே ரகசியக் குறியாகவும் பயன்படுத்தும் இந்தக் குழப்பத்தில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஐசி எண்ணைச் சாகும்வரை மாற்ற முடியாது.

கசிவும் நடந்திருக்கிறது. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்ற உள்ளூர் இணையத்தளம், மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 46.2 மில்லியன் பதிவுகள் விற்பனைக்கு வந்திருப்பதை வெளிக்கொணர்ந்தது. கைப்பேசி எண், பெயர், முகவரி, ஐசி எண், சிம் அட்டை விவரம் எல்லாம் அவற்றில் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 32 மில்லியன்தான். ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பதால் எண்ணிக்கை அதையும் தாண்டியது. அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற முடியாது. ஒருமுறை பிரதியெடுக்கப்பட்டது நாளைக்கும் பிரதியாகிக்கொண்டேதான் இருக்கும்.

என் அத்தைக்கு வந்த அழைப்பைச் சொன்னால் இதன் பலன் விளங்கும். அவர் பால்மரம் சீவி ஓய்வுபெற்றவர். கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் மலாயில் அழைத்து, உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் சட்டவிரோதப் பொருள் இருக்கிறது என்று சொல்லி, "சார்ஜன்" ஒருவரிடம் இணைப்பைக் கொடுத்தான். அந்தச் சார்ஜன் அத்தையின் முழுப்பெயரையும் ஐசி எண்ணையும், அவர் எப்போதோ விட்டுவந்த தோட்டத்தின் முகவரியையும் வரிசையாக ஒப்பித்தான். அந்த முகவரியை அத்தை கடைசியாக எழுதிக் கொடுத்தது, முன்கட்டண சிம் அட்டைகளைப் பதிவது கட்டாயமான 2006ஆம் ஆண்டுவாக்கில்தான். வங்கியில் இருக்கும் பணத்தைப் "பாதுகாப்புக் கணக்குக்கு" மாற்றச் சொன்னபோது நல்லவேளையாக மகன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தான். பேசியை வாங்கி அணைத்தான். மறுநாள் நான் போய் இது மோசடி என்றும், பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைத்திருக்க வேண்டும் என்றும் விளக்கியபோது அத்தை கேட்டது இதுதான்: "பொய்யா இருந்தா, என் பழைய அட்ரசு அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு, நாம என்ன மந்திரியா?" என்று காப்பிக்கடையில் கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதிலும் அத்தையின் கேள்விதான். மறைக்க எதுவும் இல்லாதவரின் தகவலைக்கொண்டுதான் அவரையே நம்பவைக்கிறார்கள்.

கசிவு திருட்டு. ஆனால் நம் கைப்பேசியில் நடப்பதில் பெரும்பகுதி திருட்டு அல்ல, நாமே அழுத்திய சம்மதம். ராகு காலம் பார்க்கும் பஞ்சாங்கச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ராகு காலத்தைச் சூரிய உதயத்தை வைத்துக் கணிப்பதால், நாம் ஈப்போ பக்கம் இருக்கிறோமா ஜொகூரில் இருக்கிறோமா என்பது அதற்குத் தேவைப்படலாம். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் தோராயமான இருப்பிடத்தை மட்டும் கொடுக்க வழி இருக்கிறது, அது போதும். ஆனால் அப்படியொரு செயலி என் மாமாவின் பேசியில் தொடர்பு எண்களையும் ஒலிவாங்கியையும் கேட்டிருந்தது. ராகு காலத்துக்கும் மாமாவின் சம்பந்தி தொலைபேசி எண்ணுக்கும் என்ன தொடர்பு? 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியே மறுக்கலாம், பிறகு அமைப்புகளுக்குள் போய்த் திரும்பவும் பிடுங்கிக்கொள்ளலாம். மாமாவுக்கு அது தெரியாது; தெரிந்தாலும், மறுத்தால் செயலி வேலை செய்யாதோ என்ற பயம் அவருக்கு. மறுத்த பிறகும் பஞ்சாங்கம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

தொடர்பு எண்களைக் கொடுப்பதில் உள்ள ஆபத்தைக் கடன் செயலிகள் கற்றுக் கொடுத்துவிட்டன. முன்பெல்லாம் வட்டி முதலைகள் தவணை தவறியவரின் வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள். அவமானம் அந்தத் தெருவோடு நிற்கும். இப்போது 500 வெள்ளி கடனுக்குச் செயலியை இறக்கியவரின் தொடர்புப் பட்டியல் முழுவதும் முதலில் அவர்கள் கைக்குப் போகிறது. பணம் தாமதமானால் முதலாளிக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும், கோயில் தலைவருக்கும் அவருடைய படத்தோடு செய்தி போகிறது. இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு: அந்தப் பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. நான் எந்தக் கடனும் வாங்கவில்லை, எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. இன்னொருவர் அழுத்திய ஒரு பொத்தானால் நான் ஜாமீன்தாரர் ஆகிவிட்டேன். தனியுரிமை தனிநபர் விஷயம், விருப்பமிருந்தால் காத்துக்கொள் என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அடுத்தது சிசிடிவி. மோட்டார் சைக்கிள் திருட்டு அதிகமானதும் எங்கள் வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் கேமரா மாட்டிவிட்டார்கள். குண்டு பல்பு வடிவத்தில் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, பல்பு மாட்டும் இடத்தில் திருகினால் போதும். ஆனால் கேமராவுக்கும் வாசலுக்கும் இடையில் பத்தடி தூரம் இருந்தாலும், பல கேமராக்களில் அந்தப் படம் வெளிநாட்டில் எங்கோ இருக்கும் நிறுவனக் கணினிக்குப் போய்விட்டுத்தான் உங்கள் பேசிக்கு வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரின் கேமரா, வாங்கிய புதிதில் ஒரு வாரப் பதிவை இலவசமாகக் காட்டியது. பிறகு ஒருநாள் செயலியைப் புதுப்பித்ததும், முந்தைய நாள் பதிவைப் பார்க்க மாதச் சந்தா கேட்டது. காசு கொடுத்து வாங்கிய கேமரா, தன் மின்சாரம், தன் வைஃபை, தன் வாசல். பார்ப்பதற்கு மட்டும் அடுத்தவன் அனுமதி. அண்ணன் இப்போது அதற்குள் நினைவக அட்டை ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறார்.

மலிவுக் கேமராக்களின் பூட்டு எப்படிப்பட்டது என்பதை 2016இல் உலகமே பார்த்தது. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைக்கப்பட்டிருக்கும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் 60க்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களுக்கும் பதிவுக் கருவிகளுக்கும் ரௌட்டர்களுக்கும் உள்ளே புகுந்தது. "அட்மின்" என்பதற்குக் கடவுச்சொல்லும் "அட்மின்" என்றே இருக்கும் வகை அவை. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையத்தள முகவரிகளை வழிகாட்டும் சேவை தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. பூட்டு நன்றாக இருந்தாலும் சாவி வைத்திருப்பவரையும் நம்ப வேண்டியிருக்கிறது. அமேசானுக்குச் சொந்தமான ரிங் கேமரா நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறைப் பதிவுகளைப் பார்த்தார் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. அந்த வழக்கு 5.8 மில்லியன் டாலரில் தீர்ந்தது. வாசலுக்குக் கேமரா வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடத்துக்குள் ஏன்?

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. திரையில் ஓடும் படத்தின் சில புள்ளிகளை எடுத்து அனுப்பி, நாம் என்ன பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கும் நுட்பம் பல திறன் தொலைக்காட்சிகளில் இருக்கிறது. வீஸியோ நிறுவனம் 11 மில்லியன் தொலைக்காட்சிகளில் உரிய சம்மதமில்லாமல் இதைச் செய்ததாக எழுந்த வழக்கில் 2017இல் 2.2 மில்லியன் டாலர் கட்டியது. எனக்கு உறுத்துவது சம்மதம் வாங்கப்படும் விதம். தீபாவளிக்கு வாங்கிய பெரிய பெட்டியைக் கொண்டுவரும் பையன்களே அதைச் சுவரில் மாட்டி, மின்சாரம் கொடுத்து, "ஒப்புக்கொள்கிறேன்" என்று வரும் பக்கங்களை எல்லாம் ரிமோட்டில் படபடவென்று அழுத்தி, சேனல் தெரிகிறதா என்று காட்டிவிட்டு லாரியில் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டின் சம்மதத்தைக் கொடுத்தவர் டெலிவரிப் பையன்.

வாங்கிய பொருள் யாருடையது என்ற கேள்வி இங்கே வந்து நிற்கிறது. 2016 செப்டம்பரில் எச்பி நிறுவனத்தின் பல அச்சுப்பொறிகள், முந்தைய நாள்வரை ஏற்றுக்கொண்ட வேற்று நிறுவன மைப் பெட்டிகளைத் திடீரென்று மறுத்தன. முன்கூட்டியே உள்ளே வைக்கப்பட்டிருந்த மென்பொருள் அன்றைக்கு விழித்துக்கொண்டதே காரணம். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளையும் கொடுத்தது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பொருளின் நடத்தையை வெளியிலிருந்து ஒருவர் மாற்ற முடியும் என்பது மாறவில்லை.

என் அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் என்பதால், இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்குச் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு அதில் குறிப்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை கிலோ பால், முன்பணம் எவ்வளவு, எந்த லயத்து வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே ஆபீஸில் இருந்தது. அந்தக் காலத்தை நான் மெச்சவில்லை; துரைக்குப் பிடிக்காவிட்டால் வேலையோடு வீடும் போய்விடும், போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், எழுதியவரின் முகமும் தெரியும். சம்பள நாளில் ஒரு பெண் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு, "கிராணி, என் பால் கணக்கு இது இல்லையே" என்று குரலை உயர்த்தினால், அப்பா புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி விரலால் வரியைக் காட்டுவார். சில நேரம் அந்தப் பெண் சொன்னதே சரியாக இருக்கும். சிவப்பு மையில் திருத்துவார். இன்றைக்கு நம்மைப் பற்றிய செக்ரோல்கள் அப்பாவின் செக்ரோலைவிடப் பல மடங்கு விரிவானவை, ஆனால் திருப்பிக் காட்ட எதிரில் யாரும் இல்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிறது. அந்த முகப் பதிவு எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது, நான் வேலையை விட்டால் அழிப்பார்களா என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். விற்பனையாளரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

சட்டப்படி அவர்கள் சொல்லத்தான் வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவைக் காட்டும்படி எழுத்து மூலம் கேட்கலாம்; பொதுவாக 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்றும் எழுதிக் கேட்கலாம். 2024இல் செய்யப்பட்ட திருத்தம், முகம், விரல்ரேகை போன்ற உடற்கூற்றுத் தரவுகளைக் கூடுதல் பாதுகாப்புக்குரியவையாக்கி, உச்ச அபராதத்தை 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். மக்களுக்குப் பெரும் தீங்கு வரக்கூடியதானால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2017 கசிவின்போது இப்படியொரு கட்டாயம் இல்லை.

இதில் எனக்கு இரண்டு குறைகள். சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. உதவித்தொகை, பெட்ரோல் மானியம் என்று ஏழைகளின் தகவல் அதிகம் சேர்வது அங்கேதான். 2024 ஜனவரியில் பாடு என்ற அரசின் மையத் தரவுத்தளம் தொடங்கிய நாட்களில், அடுத்தவரின் ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் பதிந்துவிடலாம் என்ற ஓட்டை சுட்டிக்காட்டப்பட்டு, பிறகு அடைக்கப்பட்டது. முன்பு சொன்ன அதே எண்தான் அங்கும் சாவியாக இருந்தது. இரண்டாவது, தரவு எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்று நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கும் என் அத்தை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், படிக்க முடியாத தாளில்தான் ஆயுள் முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஐசி நகல் கொடுக்க வேண்டியிருந்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தேதியோடு எழுதித்தான் கொடுக்கிறேன். கைப்பேசிப் படத்திலும் அப்படியே எழுத முடியும். பாதுகாவலர் நோட்டில் ஐசி எண்ணுக்குப் பதில் காடி எண் போதுமா என்று கேட்கிறேன், பெரும்பாலும் போதும் என்கிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் கோயிலில் அன்னதான உபயத்துக்குப் படிவம் நிரப்பினால், பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண்ணோடு ஐசி எண்ணுக்கும் ஒரு கட்டம் இருந்தது. நிரப்பிய பட்டியலைப் படமெடுத்துப் புலனக் குழுவில் போடுவது வழக்கம். சோறு போடுபவரின் ஐசி எண் முருகனுக்கு எதற்கு என்று கூட்டத்தில் கேட்டேன். பொருளாளர், "எல்லாம் நம்ம ஆளுங்கதானே தம்பி" என்றார். செயலாளர் அம்மா மட்டும் யோசித்துவிட்டு, சங்கப் பதிவுக்கு உறுப்பினர் விவரம் வேண்டுமானால் அது தனிக் கோப்பு, உபயக்காரருடையது தேவையில்லை என்றார். அதோடு அந்தக் கட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய படிவங்கள் ஆபீஸ் அறை இரும்பு அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. குழுவில் ஏற்கெனவே போட்ட படங்களை யார் யார் பேசியில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அங்கே எழுப்பப் போகிறேன்.